ஆளிச்செடி கட்டிய கோயில்கள்

பிரான்சின் வடமேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் பிரிட்டனி. அதன் மேற்கு முனை ஃபினிஸ்தேர் மாவட்டம். அங்கே மொர்லே நகரத்துக்கும் லாந்தெர்னோ நகரத்துக்கும் நடுவே, தெற்கில் அரே குன்றுகள் எழும்பும் இடம் வரைக்கும், சின்னச் சின்ன விவசாய ஊர்கள். மாடு மேயும் புல்வெளி, மக்காச்சோளம், வயலைச் சுற்றி மண்கரையும் புதர்வேலியும். ஊருக்குள் நுழைந்தால் ஒரு ரொட்டிக்கடை, ஒரு காபிக்கடை, பத்திருபது கருங்கல் வீடுகள். நடுவில், அந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத அளவில் ஒரு கோயில்: வெற்றி வளைவு போன்ற கல்வாசல், ஆள் ஆளாகச் சிலைகள் நிற்கும் 'கல்வாரி' என்னும் சிலுவை மேடை, எலும்புகளுக்கென்றே கட்டிய கல்மண்டபம், வானைக் குத்தும் மணிக்கோபுரம். எல்லாவற்றையும் ஒரு மதில் சுற்றி வளைக்கிறது.

இப்படி மதிலுக்குள் அடங்கிய தொகுப்பைத்தான் பிரெஞ்சில் 'ஆங்க்லோ பரோசியல்' என்கிறார்கள். பங்கு வளாகம் என்று நாம் சொல்லலாம். சாலையோரப் பழுப்பு நிறப் பலகைகளில் இந்தப் பெயரைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள்.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: கோயில் கதவிலிருந்து தொடங்காதீர்கள், மதில் வாசலிலிருந்து தொடங்குங்கள். நான் முதல் தடவை போனபோது நேராக உள்ளே போய்விட்டேன். உள்ளே தங்கம் பூசிய பீடங்களும் முறுக்குத் தூண்களும் கண்ணைப் பறித்துக்கொண்டன. வெளியே வந்தபோது நல்ல மழை. வாசலையும் கல்வாரியையும் எலும்பு மண்டபத்தையும் குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அடுத்த தடவை போனபோதுதான் தெரிந்தது, தவறவிட்டது பாதிக்கும் மேல் என்று. இந்த வளாகங்களுக்கு ஒரு வரிசை உண்டு. அந்த ஊர்க்காரர் ஒருவருடைய உடல் கடைசியாகக் கடந்துபோன வரிசை அது.

பணம் எங்கிருந்து வந்தது

அரசனோ பெரும் பிரபுவோ கட்டிக்கொடுத்தவை அல்ல இவை. பெரும்பாலும் ஊர்க்காசில் எழுந்தவை. அந்தக் காசு ஆளிச்செடியிலிருந்து வந்தது. நாம் ஆளிவிதை என்று கடையில் வாங்குகிறோமே, அந்தச் செடியின் தண்டு நாரிலிருந்துதான் லினன் நூல் எடுக்கிறார்கள். லேயோன் என்று அழைக்கப்படும் இந்த வட்டாரத்தின் ஈரக்காற்றும் மிதமான குளிரும் ஆளிக்குத் தோதானவை. நல்ல விதை பால்டிக் கடலோரத்திலிருந்து கப்பலில் ரோஸ்கோஃப் துறைமுகத்துக்கு வந்தது. அறுத்த செடியை நீரில் ஊறவைத்து, அடித்து, நார் பிரித்து, நூற்று, வெளுத்து, நெய்தார்கள். நூலை வெளுக்கவென்றே ஓடைக்கரைகளில் தனிக் கல்வீடுகள் இருந்தன. உள்ளே தண்ணீர்த் தொட்டிகளும் சாம்பல்நீர் காய்ச்சும் அடுப்பும். பிரெத்தோன் மொழியில் அவற்றுக்குக் 'கந்தி' என்று பெயர். இடிந்த கந்திகள் இன்றும் ஓடைகளின் ஓரத்தில் தென்படுகின்றன.

'கிரே' என்று பெயர்பெற்ற இந்த லினன் மொர்லே, லாந்தெர்னோ துறைமுகங்கள் வழியாக இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போயிற்று. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இந்த வியாபாரத்தில் செழித்த விவசாயி வணிகர்களை 'ஜூலோதெத்' என்றார்கள். பட்டமில்லாதவர்கள், பிரபுக்கள் அல்லர், ஆனாலும் பணம் உள்ளவர்கள். தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். பங்குக் கோயிலின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இவர்களே உட்கார்ந்தார்கள்.

ஒரு ஊர் வாசல் கட்டினால் பக்கத்து ஊர் அதைவிடப் பெரிதாகக் கட்டும். ஒரு ஊர் கோபுரம் எழுப்பினால் அடுத்த ஊர் சும்மா இருக்காது. சிசுனின் எலும்பு மண்டபம் 1585இல் தொடங்கியது, வெற்றி வளைவு 1588இல். சான் தேகொனெக்கின் வாசலில் 1587 என்ற ஆண்டு இருக்கிறது. கிமிலியோவின் கல்வாரி 1581க்கும் 1588க்கும் இடையே எழுந்தது. மூன்று ஊர்களும் ஒன்றுக்கொன்று எட்டிய தூரம். பத்தாண்டுக்குள் மூன்று ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்லில் ஆண்டு வெட்டியிருக்கும் இடங்களைத் தேடிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போனால், நாள் முடிவில் ஊர்களின் அந்தப் போட்டி தானாகக் கண்முன் விரியும்.

கல்லைப் பாருங்கள்

வாசலுக்குப் போகும் முன் இரண்டு கல்லை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். ஒன்று இந்த மண்ணின் சாதாரண கிரானைட். சாம்பல் அல்லது மஞ்சள் நிறம், மணி மணியான முரட்டுப் பரப்பு. மதிலும் சுவரும் இதில்தான். கற்பாசி படர்ந்து வெள்ளையும் ஆரஞ்சுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். இதில் செதுக்கிய சிலைகளில் மூக்கு, விரல், மடிப்பு எல்லாம் மழையில் தேய்ந்திருக்கும்.

மற்றது கெர்சாந்தோன். பிரெஸ்ட் வளைகுடா ஓரத்தில் அந்தப் பெயர் கொண்ட சிற்றூரின் பக்கம் வெட்டியெடுத்த கரும்பச்சை கலந்த சாம்பல் கல். மிக நுண்ணிய மணி. வெட்டியெடுத்த புதிதில் உளிக்கு வளைந்துகொடுக்கும், காற்று பட்டு நாளாக ஆக இறுகும். பாசி அதன்மேல் எளிதில் பற்றாது. அதனால்தான் நானூறு ஆண்டு மழைக்குப் பிறகும் ஒரு திருத்தூதரின் தாடிமயிரையும் ஒரு மகதலேனாவின் பின்னலையும் இழை இழையாக எண்ண முடிகிறது. சுவர் கிரானைட்டிலும் சிலை கெர்சாந்தோனிலும் என்று ஒரே வாசலில் இரண்டும் கலந்திருக்கும். எந்த இடத்தில் ஊர் கூடுதல் பணம் செலவழித்தது என்பதைக் கல்லின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

வாசல்

வெற்றி வளைவு என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் இந்த வாசலுக்கு ஊர்வழக்கில் சாவு வாசல் என்று பெயர். அன்றாடம் கோயிலுக்கு வருபவர்கள் இதன் வழியே வரவில்லை. சவ ஊர்வலத்துக்கும் பெருவிழாப் பவனிக்கும் மட்டும் நடுக்கதவு திறந்தது. மற்றவர்களுக்குப் பக்கத்தில் சிறு வழி. அந்தச் சிறு வழியில் குறுக்கே ஒரு கல்பலகை முழங்கால் உயரத்துக்கு நிற்கும். காலைத் தூக்கிவைத்துத்தான் உள்ளே போக வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்குள் பன்றியும் மாடும் புகாமலிருக்க வைத்த தடுப்பு அது. பல இடங்களில் அந்தக் கல்லின் மேல்விளிம்பு நடுவில் குழிந்திருக்கிறது. அத்தனை தலைமுறைக் கால்கள்.

அழகான வாசல் எது என்று என்னைக் கேட்டால் சிசுன் என்பேன். மூன்று வளைவுகள், ரோமானியப் பாணித் தூண்கள், உச்சியில் சிலுவை. இவ்வளவு சின்ன ஊர் இவ்வளவு நிமிர்ந்து நிற்கும் ஒரு வாசலைக் கேட்டு வாங்கியிருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது. லா மார்த்தீரின் வாசல் இன்னும் பழைய பாணி, தீக்கொழுந்துபோல நெளியும் கோதிக் வேலைப்பாடு. அதன் மேல் தளத்தில் ஒரு குட்டிக் கல்வாரியே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கல்வாரி

பிரிட்டனியில் சந்திக்குச் சந்தி கல் சிலுவை உண்டு. நாம் தேடிப் போவது சிலைக்கூட்டம் நிற்கும் பெரிய கல்வாரி மேடைகளை. மிகப் பழையது தெற்கே கடலோரத்தில் உள்ள த்ரோனோவென், 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. ப்ளூகாஸ்தெல் தாவூலாஸின் கல்வாரி 1602 முதல் 1604 வரை கட்டியது. 1598இல் வந்த கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாக எழுப்பியது. 1944 ஆகஸ்டில் பிரெஸ்ட் போரின்போது குண்டடி பட்டு உடைந்தது. அங்கே வந்த அமெரிக்க அதிகாரிகளில் ஒருவரான ஜான் ஸ்கில்டன் ஊர் திரும்பியபின் நிதி திரட்ட, போருக்குப் பின் சீரமைத்தார்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கிமிலியோவுக்குப் போங்கள். அங்கே சுமார் 200 சிலைகள். எண்கோண மேடையின் நான்கு பக்கம் வளைவு திறந்த உதைசுவர்கள் நீள்கின்றன, அவற்றின்மேல் நான்கு நற்செய்தியாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடைச் சுவரைச் சுற்றி ஒரு வரிசைக் காட்சிகள், மேடைக்கு மேலே இன்னொரு வரிசை, அதற்கும் மேலே சிலுவை.

இங்கே ஒரு எச்சரிக்கை. காட்சிகள் கதை வரிசையில் இல்லை. பிறப்பைத் தொடர்ந்து எகிப்துக்குத் தப்பியோடுவது வரும் என்று தேடினால் அது வேறு பக்கத்தில் இருக்கும். மேலே பாடுகள், கீழே பிள்ளைப்பருவமும் கடைசி இராவுணவும் என்று தோராயமாக வைத்துக்கொண்டு, மேடையை மூன்று முறை சுற்றுங்கள். முதல் சுற்றில் எட்ட நின்று சிலுவையையும் மொத்த உருவத்தையும் பாருங்கள். இரண்டாம் சுற்றில் கீழ்வரிசை. மூன்றாவதில் மேல்வரிசை. அதற்கு ஒரு சின்ன பைனாகுலர் கையில் இருந்தால் உத்தமம்.

ஆடைகளைக் கவனியுங்கள். எருசலேமில் நடந்த கதையில் வரும் படைவீரர்கள் 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்களைப் போல உடுத்தியிருக்கிறார்கள். சிற்பி அறியாமல் செய்ததல்ல அது. பார்க்க வந்த விவசாயிக்கு ஏசுவைப் பிடித்துக் கட்டுகிறவர்கள் தன் சாலையில் நேற்றுப் போன கூலிப்படைக்காரர்களாகவே தெரிய வேண்டும். அந்த ஆண்டுகளில் பிரான்சில் மதப்போர் நடந்துகொண்டிருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்த முகங்களைப் பாருங்கள்.

மேடைக்கு மேலே நரகத்தின் வாய் திறந்திருக்கிறது. பெரிய மிருகத் தாடை. அதற்குள் ஒரு பெண்ணைப் பேய்கள் இழுக்கின்றன. கதெல் கொல்லெத், 'கெட்டுப்போன கதெல்'. நடனத்தின்மேல் பைத்தியமாக இருந்தவள், பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தை மறைத்தவள், பேய்க்காக நற்கருணையைத் திருடியவள் என்று கதை. ஊர் இளம்பெண்களைப் பயமுறுத்த இந்தச் சிற்பத்தைக் காட்டியிருப்பார்கள். எனக்கு அவள்மேல் இரக்கம்தான் வருகிறது. இத்தனை புனிதர்கள் நடுவே பேர் சொல்லி ஊர் இன்னும் நினைவில் வைத்திருக்கும் உள்ளூர்ப் பெண் அவள் ஒருத்திதான்.

சான் தேகொனெக்கின் கல்வாரி 1610ஆம் ஆண்டினது. இந்த வட்டாரப் பெரிய கல்வாரிகளில் இதுவே கடைசி. கிமிலியோவின் நெரிசல் இங்கே இல்லை. சிலைகள் குறைவு, காற்றோட்டம் அதிகம். அடியில் ஒரு மாடத்தில் ஊருக்குப் பெயர் தந்த புனிதர் நிற்கிறார், பக்கத்தில் அவருடைய வண்டி. வண்டியை இழுத்த விலங்கை ஓநாய் தின்றுவிட, அதே ஓநாயைப் புனிதர் நுகத்தில் பூட்டிக் கோயிலுக்குக் கல் இழுக்க வைத்தாராம். ஓநாயைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள், பிறகு அவர்களே ஒவ்வொரு ஊரிலும் மிருகம் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

எலும்பு மண்டபம்

மதிலுக்குள் இருந்த இடம் குறைவு. ஊரார் எல்லோரும் கோயிலுக்குப் பக்கத்திலேயே அடக்கமாக விரும்பினார்கள். எனவே சில ஆண்டுகள் கழித்துப் பழைய குழியைத் தோண்டி, எலும்பை எடுத்து வேறிடத்தில் சேர்த்தார்கள். முதலில் அதற்குக் கோயில் சுவரை ஒட்டி ஒரு திறந்த பந்தல் போதுமாயிருந்தது. பணம் வந்ததும் அது தனிக் கட்டடமாயிற்று. பிறகு பீடம் வைத்த சிற்றாலயமாகவே மாறியது. சில குடும்பங்கள் மண்டையோட்டை மட்டும் பெயரும் ஆண்டும் எழுதிய சின்ன மரப்பெட்டியில் வைத்தன. சான் பொல் தெ லேயோன் பெருங்கோயிலில் அப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எலும்பு மண்டபங்களில் தேட வேண்டிய ஆள் ஆங்கூ. பிரெத்தோன் மக்களின் சாவு அவன்தான். எலும்புருவம், கையில் அம்போ ஈட்டியோ அரிவாளோ. பேயல்ல, தண்டிக்கிறவனும் அல்ல. ஆளைக் கூட்டிப்போக வரும் வேலைக்காரன். லா ரோஷ் மொரீஸில் 1639ஆம் ஆண்டு மண்டபத்தின் வெளிச்சுவரில் தீர்த்தத் தொட்டிக்கு மேலே அவன் இருக்கிறான். உங்கள் எல்லோரையும் கொல்கிறேன் என்ற பொருளில் பக்கத்தில் பிரெஞ்சில் ஒரு சொற்றொடர். அதே சுவரில் சின்னச் சின்னக் கட்டங்களில் விவசாயி, பெண், வழக்கறிஞர், ஆயர், செல்வர் என்று ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். 'எல்லோரையும்' என்றால் யார் யார் என்பதற்கான பட்டியல் அது.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் லா மார்த்தீர். கி.பி. 874இல் பிரிட்டனி அரசன் சாலமோன் கொலையுண்ட இடம் என்பது வழிவழி நம்பிக்கை. 'உயிர்த்தியாகம்' என்று பொருள்படும் ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்தது. அங்குள்ள 1619ஆம் ஆண்டு மண்டபத்தின் மூலையில் ஒரு பெண்ணுருவத் தூண். இடுப்புக்கு மேலே வெற்றுடம்பு, கீழே துணிப்பட்டைகளால் சுற்றிக் கட்டிய பிணம்போல. அருகே பிரெத்தோன் மொழியில் மரணம், தீர்ப்பு, நரகம் பற்றி ஒரு வாசகம். அதில் நரகம் குளிர்ந்தது. நெருப்பில்லை, குளிர். அட்லாண்டிக் காற்றில் ஈரத்தோடு வேலை செய்தவர்களுக்கு அச்சம் எங்கிருந்தது என்பதை ஒரே சொல்லில் புரியவைக்கும் கல் அது. நான் பார்த்த அத்தனை வளாகங்களிலும் மனதில் மிக ஆழமாகத் தங்கியது அந்தச் சொல்தான்.

முன்வாசல் மண்டபம்

கோயிலின் தெற்குப் பக்கத்தில் முன்துருத்திய மண்டபம் ஒன்று இருக்கும். உள்ளே இரண்டு பக்கமும் ஆறு ஆறாகத் திருத்தூதர்கள், அவர்களுக்குக் கீழே கல்திண்ணை. மழைக்கு ஒதுங்கும் இடம் மட்டும் அல்ல இது. பங்கின் நிர்வாகக் குழு கூடிப் பேசியதும் இங்கேதான். ஆளி விற்ற காசைக் கோபுரத்துக்குப் போடுவதா பீடத்துக்குப் போடுவதா என்று பேசிய திண்ணையில் நீங்களும் உட்காரலாம்.

திருத்தூதர்களை அடையாளம் காண ஒரு வழி: முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். சாவி இருந்தால் பேதுரு. பெருக்கல் குறிபோலச் சாய்ந்த சிலுவை அந்திரேயா. கிண்ணம் யோவான். தொப்பியில் சிப்பியும் கையில் தடியும் என்றால் யாத்திரிகர் யாக்கோபு. கத்தி பர்த்தலமேயு, மூலைமட்டம் தோமா. இந்த ஆறு பேரைக் கண்டுபிடித்தால் போதும். மீதிப் பேர் ஊருக்கு ஊர் குழப்புவார்கள்.

லா மார்த்தீரின் மண்டப முகப்பு 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதன் வளைவுக்குள் மாதா படுத்திருக்கிறாள், பிள்ளை பெற்ற தாயாகவே. பிற்காலத்தில் அது யாருக்கோ உறுத்தியிருக்கிறது, சிற்பத்தைச் சிதைத்திருக்கிறார்கள். கிமிலியோவின் மண்டபம் 1606க்குப் பிந்தியது. அங்கே வளைவின் விளிம்பு முழுக்கப் பழைய ஏற்பாட்டுக் காட்சிகள் கைப்பிடி அளவில் ஏறி இறங்குகின்றன. பெரிய சிற்பத்தைவிட இவற்றுக்கு முன்னால் அதிக நேரம் நில்லுங்கள்.

உள்ளே, மரம்

இப்போது உள்ளே போகலாம். வெளியே கல் என்றால் உள்ளே மரம். அண்ணாந்து பாருங்கள். பிரான்சின் பெருங்கோயில்களில் காணும் கல் கூரை பெரும்பாலும் இங்கே இல்லை. கவிழ்த்த படகின் உட்புறம்போல வளைந்த பலகைக் கூரை, பெரும்பாலும் நீலம் பூசியது. கூரை சுவரைத் தொடும் இடத்தில் ஓடும் நீள உத்தரங்களில் தச்சர்கள் தங்கள் விருப்பப்படி செதுக்கியிருக்கிறார்கள்: உழவு, குடி, மிருகம், கோணல் முகம். குறுக்கு உத்தரங்களின் இரு முனையையும் ஒரு பூத வாய் கவ்வியிருக்கும். பீடத்தில் பங்குத்தந்தை கேட்டது இருக்கும். தச்சர் நினைத்தது கூரையோரத்தில்தான் இருக்கும்.

கிமிலியோவுக்குப் பக்கத்து ஊரான லாம்போல் கிமிலியோவில் கோயில் நடுக்கூடத்தின் குறுக்கே ஒரு வண்ண உத்தரம் ஓடுகிறது, 16ஆம் நூற்றாண்டு வேலை. மேலே சிலுவையில் ஏசு, இருபுறமும் மாதாவும் யோவானும், உத்தரத்தின் முகத்தில் பாடுகளின் காட்சிகள். அடியில் கடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். பின்புறமும் செதுக்கியிருக்கிறது. பலரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே கோயிலின் தீர்த்தத் தொட்டியில் புனித நீர் பட்டுத் துடிக்கும் இரண்டு பேய்கள் நெளிகின்றன. ஒரு பக்கம் ஏசுவை அடக்கம் செய்யும் காட்சி, 1676இல் அந்த்வான் சவாஞாக் செய்தது. இங்கே சத்தமில்லாமல் நின்று ஏசுவின் முகத்தை மட்டும் பாருங்கள்.

பீடத்துக்குப் பின்னால் கூரைவரை எழும் செதுக்குச் சுவர்களுக்கு 'ரெத்தாப்ள்' என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் மறைபரப்புப் பணியில் கொதித்துக்கொண்டிருந்தது. மிஷேல் லெ நொப்லெத்ஸ் என்ற குரு ஆட்டுத்தோலில் வரைந்த படங்களை விரித்துக் கோலால் சுட்டிக்காட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் போதித்தார். அந்தப் படங்களின் வேலையைத்தான் ரெத்தாப்ள்களும் செய்தன, மரத்திலும் தங்கத்திலும். கொமானாவில் 1682இல் அன்னம்மாளுக்கு எழுப்பியது மிகப் பகட்டானது. முறுக்குத் தூண், திராட்சைக்கொத்து, கொழுத்த சம்மனசுகள் என்று ஓர் அங்குலம் சும்மா விட்டதில்லை. எனக்கு இந்தப் பகட்டு சீக்கிரம் திகட்டிவிடுகிறது. கிமிலியோவின் திருமுழுக்குத் தொட்டிமேல் 1675இல் நிறுத்திய எட்டு முறுக்குத் தூண் ஓக்கு விதானத்தை மட்டும் எவ்வளவு நேரமும் பார்க்கலாம். வண்ணமோ தங்கமோ இல்லாத வெறும் மரம் அது.

சான் தேகொனெக் கோயிலில் 1998 ஜூன் 8 அன்று தீப்பிடித்தது. கூரையும் ஒரு பகுதிப் பீடங்களும் கருகின. சீரமைப்பு 2005 வரை நடந்தது. லெரெல் சகோதரர்கள் செதுக்கிய 1683ஆம் ஆண்டுப் பிரசங்க மேடையை இன்றும் அங்கே பார்க்கலாம். அதே வளாகத்து எலும்பு மண்டபத்தின் கீழறைக்கு இறங்குங்கள். ஆளுயர ஓக்கு உருவங்கள் சூழ ஏசுவை அடக்கம் செய்யும் காட்சி, ஜாக் லெஸ்பாஞோல் 1702இல் முடித்தது. அழுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அழுகிறார்கள்.

போக வர

பாரிஸ் மோன்பார்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் மொர்லே ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கிருந்து வாடகைக் கார் நல்லது. உள்ளூர் ரயில் ஊர்களுக்கு அருகே போனாலும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அதை நம்பினால் நாள் வீணாகும். பிரிட்டனி நெடுஞ்சாலைகளில் சுங்கக் கட்டணம் இல்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த வட்டாரம் தோது. அரே குன்றுப் பக்கம் மட்டும் ஏற்றம் தொடையைப் பிழியும்.

ஒரே நாள் இருந்தால் சான் தேகொனெக், கிமிலியோ, லாம்போல் கிமிலியோ. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் சுமார் 8 கி.மீ., அங்கிருந்து மூன்றாவது 4 கி.மீ. அளவில். மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள், நான்காவதில் கண் மரத்துப்போகும். இரண்டாம் நாள் லா ரோஷ் மொரீஸ், லா மார்த்தீர், சிசுன். லா ரோஷ் மொரீஸில் உள்ளே செதுக்கு மரத் தடுப்பும் 1539ஆம் ஆண்டின் பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னலும் இருக்கின்றன. சன்னல் கிழக்கில் இருப்பதால் காலையிலேயே போய்விடுங்கள். கல்வாரிக்குப் பக்கவாட்டு வெயில் வேண்டும், அதற்கு மாலை நல்லது. உச்சிவெயிலில் கெர்சாந்தோன் வெறும் கருப்பாகத் தெரியும், மடிப்பெல்லாம் மறைந்துவிடும்.

அரசையும் சமயத்தையும் பிரித்த 1905ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டப்படி, அதற்கு முன் கட்டிய பங்குக் கோயில்கள் ஊராட்சியின் சொத்து. வழிபாட்டு உரிமை பங்குக்கு. நுழைவுக்கட்டணம் கிடையாது. கோயில் பூட்டியிருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். மதிய உணவு நேரத்தில் அந்த அலுவலகமும் மூடியிருக்கும். கோடையில் பல வளாகங்களில் மாணவ வழிகாட்டிகள் இருப்பார்கள். ஞாயிறு காலை பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள், போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுப் பூசையும் இருங்கள். 'பர்தோன்' என்ற ஊர்த் திருவிழா நாளில் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். உள்ளே வைத்திருக்கும் பட்டுக் கொடிகள் அன்றைக்கு வெளியே வரும், நடுவாசல் திறக்கும். மதிலுக்குள் இப்போதும் சில ஊர்களில் கல்லறைகள் உண்டு. புதுப் பூ வைத்த கல்லறைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்காதீர்கள்.

முதல் நாள் சுற்றை லாம்போல் கிமிலியோவில் முடியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். 1573இல் எழும்பிய அதன் மணிக்கோபுரம் இந்த வட்டாரத்தின் உயர்ந்த கோபுரங்களில் ஒன்றாக இருந்தது. 1680களிலிருந்து போரும் இங்கிலாந்தின் இறக்குமதித் தடைகளும் லினன் வியாபாரத்தை நெரித்தன. ஜூலோதெத் குடும்பங்கள் மெல்ல மெல்லத் தறியிலிருந்து விலகின. 1809இல் இடி விழுந்து கோபுரத்தின் உச்சி சரிந்தது. வாசலுக்கு வெளியே வந்து தெருவின் மறுபக்கம் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். கூம்பு பாதியில் நிற்கும். அந்த உச்சியை அதன்பிறகு யாரும் கட்டவில்லை.